துளை மாறாத மணி

*அரிக்கமேட்டின் கண்ணாடி மணிகள் எப்படிச் செய்யப்பட்டன என்ற புதிருக்கு விடை திருப்பதி அருகே ஒரு கிராமத்து உலையில் கிடைத்தது. அதே கணக்கை இன்று பாலிமர் களிமண்ணில் கற்கிறார்கள். உலையோ அணைந்துகொண்டிருக்கிறது.*

ரேணிகுண்டாவைத் தாண்டி காளஹஸ்தி நோக்கிப் போகும் பஸ்களில் பெரும்பாலும் பக்தர்கள்தான். ஏழுமலையானைச் சேவித்த கையோடு வாயுலிங்கத்தையும் தரிசித்துவிட்டு ஊர் திரும்பும் அவசரம் அவர்களுக்கு. ராகு கேது பூஜைக்கு நேரம் தவறிவிடக் கூடாது என்ற கவலை வேறு. அந்த ஏர்ப்பேடு வட்டாரத்தில் பாப்பாநாயுடுபேட்டை என்று ஓர் ஊர் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் காரணமும் இல்லை. ஆனால் உலகின் பல மூலைகளில், கண்ணாடி மணிகளின் சரித்திரத்தைப் படிப்பவர்களுக்கு அந்தப் பெயர் மனப்பாடம்.

முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், 2022ல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பிறகு திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. எந்தச் சாம்ராஜ்யத்தின் தலைநகரும் அல்ல. இதன் பெருமையெல்லாம் ஒரே ஒரு வேலையில் அடங்கியிருக்கிறது: உருகிய கண்ணாடியில் ஒரு முறை துளையிட்டு, அந்தத் துளை மூடிக்கொள்ளாமல் நூல் போல இழுத்துக்கொண்டே போவது. இழுத்ததை நறுக்கினால் மணி. ஒன்றல்ல, ஆயிரக்கணக்கில்.

வெண்டைக்காய் சொல்லும் பாடம்

இந்த வேலையின் சூட்சுமத்தைப் புரிந்துகொள்ள உலைக்கு அருகே போகவேண்டிய அவசியமில்லை. சமையலறையே போதும். வெண்டைக்காயை எந்த இடத்தில் நறுக்கினாலும் வில்லையில் அதே ஐந்து மூலை நட்சத்திரம்தான். காயின் நுனியில் நட்சத்திரம் சிறியது, நடுவில் பெரியது. உருவம் மட்டும் மாறுவதில்லை. குழந்தைகள் அதைச் சாயத்தில் தோய்த்துக் காகிதத்தில் அச்சுக் குத்துவது இதனால்தான்.

திருவிழாக் கூட்டத்தில் மூங்கில் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரும் ஜவ்வு மிட்டாய்க்காரருக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும். கழியின் உச்சியில் ரோஸும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட மிட்டாய்க் கட்டி. அதிலிருந்து அவர் விரல் கனத்துக்கு இழுத்தாலும் நூல் கனத்துக்கு இழுத்தாலும் ரோஸ் பட்டையும் வெள்ளைப் பட்டையும் கூடவே இளைத்து வருகின்றன. ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை. கையில் கட்டிவிடும் மிட்டாய் வாட்ச்சிலும் அந்தப் பட்டைகள் தெளிவாக இருக்கும்.

பாலிமர் களிமண்ணில் நகையும் அலங்காரப் பொருளும் செய்பவர்கள் பிடித்துக்கொண்டது இந்த உத்தியைத்தான். பல நிறக் களிமண்ணைத் தகடாகவும் திரியாகவும் உருட்டி, குறுக்கே வெட்டினால் பூவோ, இலையோ, கட்டமோ தெரியும்படி கனமான உருளையாக அடுக்குகிறார்கள். இந்த உருளைக்குப் பெயர் 'கேன்'. ஆங்கிலத்தில் கரும்புக்கும் பிரம்புக்கும் உள்ள அதே சொல். உருளையைச் சுற்றிலும் ஒரே சீராக அழுத்தி, நீட்டி, இளைக்க வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் பூவும் அதே அளவுக்கு இளைக்கிறது. பிறகு மெல்லிய பிளேடால் வில்லை வில்லையாக நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். 5 செ.மீ. குறுக்களவும் 5 செ.மீ. உயரமும் உள்ள ஓர் உருளையை 1 செ.மீ. குறுக்களவுக்கு இளைத்தால் அதன் நீளம் 125 செ.மீ. ஆகிறது. குறுக்களவு ஐந்தில் ஒன்றானால் நீளம் இருபத்தைந்து மடங்கு. 2 மி.மீ. கனத்தில் நறுக்கினால் அறுநூறு வில்லைகளுக்கு மேல் தேறும். இரு முனைகளிலும் உருவம் நசுங்கியிருக்கும் என்பதால் கொஞ்சம் கழித்துவிட வேண்டும். பூவை வரையும் உழைப்பு ஒரு முறை. கிடைக்கும் பூக்கள் அறுநூறு.

பாப்பாநாயுடுபேட்டையின் கணக்கும் இதேதான். ஒரே வித்தியாசம், அங்கே உருளைக்குள் பூ கிடையாது. மணிகள் ஒற்றை நிறம் கொண்டவை. உருவம் மாறாமல் கடைசி வரை கூட வரவேண்டியது ஒன்றுதான்: துளை. உதாரணத்துக்கு, 10 செ.மீ. கனமுள்ள கண்ணாடித் திரளில் இரண்டரை செ.மீ. துளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 4 மி.மீ. குழலாக இழுத்தால் துளை 1 மி.மீ. ஆகிவிடும். திரளின் 10 செ.மீ. நீளம் 62 மீட்டருக்கு மேல் நீளும். மூன்று மி.மீ. மணிகளாக நறுக்கினால் இருபதாயிரத்தைத் தாண்டும். அத்தனை மணிக்கும் துளையிட்டது ஒரே ஒரு தடவை.

உலைக்கு இரு வாய்கள்

கல் மணியில் துளையிடுவது எவ்வளவு பெரிய பாடு என்பது தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். கார்னீலியன் மணியானால் ஒவ்வொன்றையும் தனித்தனியே தேய்த்து, மெருகேற்றி, துளைக்க வேண்டும். கண்ணாடியிலேயே வேறொரு முறை உண்டு. உத்தரப் பிரதேசத்தின் புர்தில்பூரில் செய்வதுபோல, உருகிய கண்ணாடியை இரும்புக் கம்பியில் சுற்றி ஒவ்வொரு மணியாக எடுப்பது. அதிலும் மணிக்கு மணி கை பட வேண்டும். இழுத்துச் செய்யும் முறையில்தான் ஒரு கூட்டத்தின் உழைப்பு ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான மணிகளாகிறது.

பாப்பாநாயுடுபேட்டை முறையின் மையமான கருவி 'லடா' என்று அழைக்கப்படும் நீண்ட இரும்புக் குழாய். உருகிய கண்ணாடியை இதன் முனையில் திரட்டி, உருட்டி, கூம்பு வடிவுக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு நடுவில் கம்பியைச் செலுத்தித் துளையை உண்டாக்குகிறார்கள். லடாவும் உள்ளே கூடானது என்பதால் துளைக்குள் காற்றுக்கு வழி இருக்கிறது. இந்தத் திரளோடு லடாவை மறுபடி உலைக்குள் வைக்கிறார்கள்.

இனி வேலை எதிர்ப்பக்கத்தில். உலையின் இன்னொரு வாயருகே உட்கார்ந்திருக்கும் மூத்த கைவினைஞர் கொக்கியால் கண்ணாடியின் நுனியைப் பிடித்து வெளியே இழுக்கிறார். வந்த நுனியைப் பிடித்துக்கொண்டு கை மாற்றிக் கை மாற்றி இழுத்துக்கொண்டே இருக்கிறார். உலைக்குள் தேன் பதத்தில் இருக்கும் கண்ணாடி, வெளிக்காற்று பட்டதும் குழலாக இறுகிவிடுகிறது. திரள் தீரும் வரை இழுப்பு நிற்காது. வேகமாக இழுத்தால் குழல் மெலியும், தயங்கினால் தடிக்கும். அளவுகோலும் கிடையாது, மீட்டரும் கிடையாது. அளவு அத்தனையும் அந்தக் கையில்தான். பக்கத்தில் இருப்பவர் குழலைச் சுமாரான நீளங்களுக்கு உடைத்து அடுக்குகிறார்.

அதற்குப் பிறகும் வேலை முடிவதில்லை. குழல்களைக் கனம் பார்த்துப் பிரிக்க வேண்டும். கூரிய இரும்புத் தகட்டின் மேல் வைத்து மணி மணியாக வெட்ட வேண்டும். வெட்டிய மணிகளின் விளிம்பு சதையைக் கிழிக்கும். அவற்றைச் சாம்பலோடு கலந்து, சூடேற்றிக் கிளறுகிறார்கள். சூட்டில் விளிம்பு மழுங்கி மணி உருண்டையாகிறது. துளைக்குள் புகுந்திருக்கும் சாம்பல் துளை மூடிவிடாமல் காக்கிறது. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் பார்த்துக்கொள்கிறது. கடைசியில் சலித்து, நிறம் பார்த்து, நூலில் கோப்பது பெண்களின் பங்கு. சரத்தைக் கழுத்தில் போட்டுக்கொள்பவருக்குத் தெரியாது, எத்தனை பேர் கை அதில் பட்டிருக்கிறது என்று.

மேடு சொன்ன புதிர்

இந்த உலைக்கும் தமிழக சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? விடை, இங்கிருந்து தெற்கே, புதுச்சேரிக்குப் பக்கத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது.

அரிக்கமேட்டில் மழை பெய்து மண் கரைந்தால் வண்ண மணிகள் மேலே தெரியும். ஊர்ப் பிள்ளைகள் அவற்றைப் பொறுக்குவது வழக்கம். பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ராய் அந்த மேட்டின் மீது கவனத்தைத் திருப்பினார். 1945ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். ரோமானிய ஜாடித் துண்டுகளும் இத்தாலியச் சிவப்பு மட்பாண்டங்களும் கிடைத்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு 1947 முதல் 1950 வரை கஸாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டினார்கள்.

ரோமானிய ஜாடிகளுக்குக் கிடைத்த விளம்பரம் மணிகளுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அங்கே குவிந்திருந்த கண்ணாடிக் கட்டிகளும் குழல் துண்டுகளும் அரைகுறை மணிகளும் ஒன்றைத் தெளிவாக்கின. மணிகள் அங்கே விற்கப்பட்டது மட்டுமல்ல, செய்யவும் பட்டன. எப்படிச் செய்தார்கள் என்பதுதான் கேள்வி. எந்தச் சுவடியிலும் செய்முறை இல்லை. மண்ணிலிருந்து வந்தவை கழிவுகள். வேலை செய்த கைகள் அல்ல.

அந்தக் கைகள் பாப்பாநாயுடுபேட்டையில் இருந்தன. 1987ல் ஆராய்ச்சியாளர் மரியான் ஸ்டெர்ன் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'பாப்பாநாயுடுபேட்டையின் ரகசியம்'. மணி ஆராய்ச்சியையே வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்த அமெரிக்கர் பீட்டர் ஃபிரான்சிஸ், இந்த உலைகளில் விழும் கழிவையும் அரிக்கமேட்டுக் கழிவையும் ஒப்பிட்டார். இங்கே லடாவில் வேலை செய்யும்போது மிஞ்சும் துண்டுகளைப் போன்றவை அங்கேயும் இருந்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கழிவுக்கு இன்றைய கழிவு உரை எழுதியது. 1991ல் அவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அரிக்கமேடும் பாப்பாநாயுடுபேட்டையும் ஒரே மூச்சில் சொல்லப்படும் பெயர்களாகிவிட்டன. ஃபிரான்சிஸ் 2002ல் காலமானார். காந்திநகர் ஐ.ஐ.டி.யின் அலோக் குமார் கனுங்கோ 2016ல் இந்த ஊரின் மணித் தொழிலை மையமாக வைத்து ஒரு முழு நூலையே வெளியிட்டார்.

உலை மட்டும் அந்தச் சமயத்தில் அணைந்து போயிருந்தால்? அரிக்கமேட்டின் குழல் துண்டுகள் அருங்காட்சியகப் பெட்டியில் நம்பர் ஒட்டிய கண்ணாடித் துகள்களாகவே இருந்திருக்கும்.

கடல் கடந்த கடுகு

இந்த மணிகளுக்கு ஃபிரான்சிஸ் வைத்த பெயர் 'இந்தோ - பசிபிக் மணிகள்'. கடுகுக்குக் கொஞ்சம் பெரியவை, பெரும்பாலும் ஆறு மில்லிமீட்டருக்குள் அடங்குபவை. செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக சீனா, கொரியா, ஜப்பான் வரை அகழாய்வுகளில் இவை கிடைக்கின்றன. உத்தியும் மணிகளோடு பயணம் செய்தது. இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் க்ளோங் தோம், வியட்நாமின் ஓக் ஏயோ ஆகிய இடங்களில் இவ்வகை மணிகளைச் செய்த தடயங்கள் உள்ளன. கிழக்கு இந்தோனேசியத் தீவுகளில் பழைய சிவப்பு மணிகளை 'முட்டிசாலா' என்கிறார்கள். 'போலி முத்து' என்று பொருள். பெயரில்தான் போலி. குடும்பச் சொத்தாக, சீதனமாகப் பாதுகாக்கப்படும் மதிப்பு அவற்றுக்கு.

தமிழகத்திலும் அரிக்கமேடு தனித்து நிற்கவில்லை. பழனிக்கு அருகேயுள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் கண்ணாடி மணி உலையின் எச்சமும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன. கீழடியிலும் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன.

உலையில்லாத கண்ணாடி

மேற்கிலும் இதே உத்தி வேறு வழியில் வளர்ந்தது. பல நிறக் கண்ணாடிக் கம்பிகளைக் கட்டாக அடுக்கி, உருக்கி, இழுத்து, குறுக்கே நறுக்கினால் பூக்கள். ரோமானியர் கையாண்ட இந்த வித்தையை வெனிஸுக்குப் பக்கத்து முரானோ தீவுக் கைவினைஞர்கள் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனார்கள். இதற்கு இத்தாலியப் பெயர் 'மில்லெஃபியோரி', அதாவது 'ஆயிரம் பூக்கள்'.

அந்த ஆயிரம் பூக்களை உலையிலிருந்து இறக்கி வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்தது பாலிமர் களிமண். பெயரில்தான் களிமண், உள்ளே மண் ஒரு துளியும் கிடையாது. பி.வி.சி. பிளாஸ்டிக் தூளோடு அதை இளக்கி வைக்கும் திரவமும் நிறமியும் சேர்ந்த பிசைவு. ஜெர்மனியில் பொம்மை செய்வதில் பெயர்பெற்ற கேத்தே குரூசே குடும்பத்தின் மகள் சோஃபி இதில் சோதனைகள் செய்தார். வீட்டில் அவரது செல்லப் பெயர் ஃபீஃபீ. 1960களில் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது 'ஃபீமோ' என்று பெயர் வைத்தது. அமெரிக்கக் கைவினைஞர்கள் 1980களில் கண்ணாடி வித்தையை இதில் பரீட்சித்துப் பார்த்தார்கள். 1991ல் வெளிவந்த நான் ரோஷின் நூல் அதைப் பரவலாக்கியது.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் நம் ஊர் வெயிலை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சித்தூர், திருப்பதி, வேலூர்ப் பக்கத்துக் கோடையில் இந்தப் பிசைவு இளகிக் குழைந்துவிடும். உருளையை இளைத்ததும் உடனே நறுக்கினால் பூ நசுங்கும். சற்று நேரம் குளிர்பெட்டியில் வைத்து இறுகியதும், ஒவ்வொரு வெட்டுக்கும் உருளையைக் கொஞ்சம் திருப்பி நறுக்க வேண்டும். நிறங்கள் எடுப்பாக வேறுபட வேண்டும். இளைக்க இளைக்கக் கோடுகள் மெலிவதால், பெரிய உருளையில் அழகாகத் தெரியும் இளம் சாயல்கள் சின்ன வில்லையில் ஒன்றாகிவிடும். எல்லாக் களிமண்ணும் ஒரே பதத்தில் இருப்பது முக்கியம். ஒன்று இளகலாகவும் மற்றது கெட்டியாகவும் இருந்தால் பூ ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

அவனில் சுடுவதற்குச் சுமார் 130 டிகிரி செல்சியஸ் போதும். பாக்கெட்டில் போட்டிருக்கும் சூட்டைத் தாண்டக் கூடாது. கருகினால் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் அமில வாயு வரும். ஜன்னல் திறந்திருக்கட்டும். இதற்குப் பயன்படுத்திய தட்டையும் கத்தியையும் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

ஆள் சேர்ந்தால்தான் உலை

பாலிமர் களிமண்ணின் வெற்றிக்கு அழகு மட்டும் காரணமல்ல. ஒரே ஒருவர், ஒரு மேஜை, ஒரு பிளேடு, சின்ன அவன் இருந்தால் வேலை நடக்கும். மத்தியானம் குழந்தைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஆரம்பித்து, அவர்கள் திரும்புவதற்குள் எடுத்து வைத்துவிடலாம்.

லடா உலை அப்படிப்பட்டதல்ல. திரட்ட ஒருவர், துளையிட ஒருவர், இழுக்க ஒருவர், உடைக்க ஒருவர், தீயைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்று ஒரு குழுவே வேண்டும். வெட்டவும் உருட்டவும் கோக்கவும் வேறு கைகள். உலையை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஏற்றி அணைக்கவும் முடியாது. கொஞ்சம் தள்ளியிருக்கும் காளஹஸ்தியின் கலம்காரி நெருக்கடிகளைத் தாண்டி நின்றதற்கு ஒரு காரணம், ஒரு கலைஞர் தன் வீட்டுத் திண்ணையில் துணியை விரித்துத் தனியே வரைந்துகொண்டிருக்க முடியும் என்பது. கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மணி உலையில் பத்து பேரில் மூன்று பேர் வேறு வேலைக்குப் போனால் மிச்சம் ஏழு பேருக்கும் வேலை இல்லை. இப்படிப்பட்ட தொழில் மெதுவாகத் தேய்வதில்லை. ஒரு கட்டத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது.

நிற்க வைக்கும் காரணங்களுக்கும் பஞ்சமில்லை. எரிபொருள் செலவு ஒரு பக்கம். வெக்கையில் உட்கார்ந்து பல வருஷம் பழகினால்தான் வசப்படும் கைத்திறன் இன்னொரு பக்கம். கடைத்தெருவில் கிலோக் கணக்கில் குவிந்திருக்கும் இயந்திர மணிகளும் பிளாஸ்டிக் மணிகளும் அளவு பிசகாதவை, விலையும் மலிவு. கை இழுத்த மணியில் ஒன்று சற்றுப் பருத்தும் ஒன்று மெலிந்தும் இருக்கும். அதைக் குறை என்று எண்ணி வியாபாரி ஒதுக்கிவிடுகிறார்.

படம் பிடித்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். ஆராய்ச்சியாளர்கள் எடுத்த படங்களும் குறிப்புகளும் இருக்கின்றன. அவை செய்முறையைச் சொல்லும். ஆனால் கண்ணாடி எந்த நொடியில் இழுக்கப் பக்குவமாகிறது என்பதைப் படம் சொல்லாது. பாலிமர் களிமண் பழகுகிறவர்களைக் கேட்டாலே தெரியும்: புத்தகத்தைப் பார்த்து அடுக்கிவிடலாம், ஆனால் எங்கே எவ்வளவு அழுத்துவது என்பதைப் பத்து உருளை வீணான பிறகுதான் விரல் கற்றுக்கொள்கிறது. களிமண் வீணானால் திரும்பப் பிசைந்துகொள்ளலாம். உலையில் பழகிய கை வீணானால் திரும்ப வராது.

செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. திருப்பதியிலேயே ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு மாணவர் அணியும் உலையருகே சில நாள் உட்கார்ந்து பழக, அனுபவமுள்ள கைவினைஞர்களைச் சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக அமர்த்தலாம். அரிக்கமேட்டு மணிகளைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்கள் பக்கத்திலேயே பாப்பாநாயுடுபேட்டை மணிச் சரத்தையும் விற்பனைக்கு வைக்கலாம். திருப்பதிக்கு வரும் ஜனத்திரளில் நூற்றில் ஒருவர் ஒரு சரம் வாங்கினாலே உலைக்கு எரிபொருள் கிடைத்துவிடும்.

எதையும் செய்யாவிட்டாலும் உலகம் நின்றுவிடாது. இளைத்தாலும் உருவம் மாறாது என்ற உத்தி வெண்டைக்காயில் இருக்கும், ஜவ்வு மிட்டாயில் இருக்கும், எங்கோ ஒரு மேஜையில் யாரோ நறுக்கும் பாலிமர் பூவிலும் இருக்கும். இல்லாமல் போவது ஒன்றுதான். அடுத்த மழையில் அரிக்கமேட்டில் ஒரு குழல் துண்டு மேலே வந்தால், அதைக் கையில் எடுத்து, 'இது இப்படித்தான் உடைந்திருக்கும்' என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல ஓர் ஆள்.